வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

மாலையில் விளக்கேற்றிய பின் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நிகழும் காட்சி ஒன்றுண்டு. எட்டாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை கணக்குப் புத்தகத்தோடு தகப்பனாரிடம் வருகிறான். அவரோ, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பத்திரிகையிலே முகத்தை மறைத்துக்கொள்கிறார். பிள்ளை கைப்பேசியிற் கணக்கைப் படம் பிடிக்கிறான். நொடியில் விடை வருகிறது. அதை நோட்டில் எழுதிவிட்டு நித்திரைக்குப் போகிறான். இதைச் சிறிய விஷயமென்று நாம் கருதவில்லை.

விடை கூறுவது வேறு. விடைக்குக் காரணம் கூறுவது வேறு. "வாதியின் பக்கம் தீர்ப்பு" என்று மட்டும் எழுதிக் காரணம் ஒன்றும் காட்டாத தீர்ப்பு, அப்பீலில் நிலைப்பது அரிது. வழி எழுதாத கணக்கும் அத்தகையதே. ஆகையால், பிள்ளைகள் வழக்கமாய்த் தடுமாறும் கணக்குகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வயதுக் கணக்கு. தகப்பனுக்கு வயது 45, மகனுக்கு 13. எத்தனை வருஷத்தில் தகப்பன் வயது மகன் வயதைப்போல் மும்மடங்காகும்? தெரியாத வருஷங்களை 'அ' என்போம். அப்பொழுது 45 + அ = 3(13 + அ). இங்கே பிள்ளை செய்யும் பிழை யாதெனில், அடைப்புக்குள் 13-ஐ மாத்திரம் மூன்றாற் பெருக்கி, 'அ'வை விட்டுவிடுவதே. அவ்வாறு செய்தால் 45 + அ = 39 + அ என்றாகும்; அதாவது 45-உம் 39-உம் ஒன்றே என்றாகும்! இந்த அபத்தத்தைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் நேர்மை கணிதத்துக்கு உண்டு என்பதை அவனுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. சரியாகப் பெருக்கினால் 45 + அ = 39 + 3அ. சமன்பாடு என்பது இரு தட்டும் நேராய் நிற்கும் தராசு. ஒரு தட்டிலிருந்து எடுப்பதை மற்றத் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். இரு புறத்திலும் 39-ஐயும் ஓர் 'அ'வையும் நீக்கினால் 6 = 2அ; ஆகவே அ = 3. மூன்று வருஷத்தில் தகப்பனுக்கு 48, மகனுக்கு 16. மும்மடங்கு சரி.

'அ' என்ற எழுத்தைக் கண்டு மருளுவோர் பலர். இது மேனாட்டார் புகுத்திய மாயமன்று. பாஸ்கராசாரியர் 1150-ஆம் வருஷத்தில் இயற்றிய பீஜகணித நூலில், தெரியாத தொகைக்கு 'யாவத்தாவத்' என்ற பெயர் வழங்குகிறது. 'எவ்வளவோ அவ்வளவு' என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, குறை எண்ணைக் குறை எண்ணாற் பெருக்கினால் நிறை எண் வருவது எங்ஙனம் என்பது. "அதுதான் விதி" என்று சொல்லிப் பல வகுப்புகளில் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். 628-ஆம் வருஷத்திலேயே பிரம்மகுப்தர் நிறை எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்றும் கொண்டு இவ்விதிகளை வகுத்தார். ஒருவனுக்கு ஐந்து ஐந்து ரூபாயாக மூன்று கடன்கள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர் மூன்றையும் தள்ளிவிட்டால், அவன் நிலைமை 15 ரூபாய் உயர்கிறதன்றோ? கடனை நீக்குவது தனத்தைச் சேர்ப்பதற்குச் சமம். இவ்வளவே இரகசியம்.

மூன்றாவது சதவீதக் கணக்கு. வீட்டுக் கணக்கு நாட்டுக் கணக்காவது இங்கேதான். 1923-இல், சட்டசபை மறுத்தும் கேளாமல், வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் விசேஷ அதிகாரத்தினால் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார். மறு வருஷம் அது பழைய நிலைக்கே குறைக்கப்பட்டது. ஏறியது 20 அணா. இறங்கியதும் 20 அணா. ஆனால், ஏற்றம் 100 சதவீதம். இறக்கம் 50 சதவீதம். ஏனெனில், ஏறும்போது நாம் பங்கிடும் அடித்தொகை 20, இறங்கும்போது 40. எதன்மேல் சதவீதம் என்று கேளாதவனை எவனும் ஏமாற்றலாம். சம்பளத்தில் 20 சதவீதம் குறைத்துவிட்டுப் பின்னர் 20 சதவீதம் கூட்டிக் கொடுத்தால், 100 ரூபாய் பெற்றவன் 96 ரூபாயே பெறுவான். கூட்டியவரோ நன்றி எதிர்பார்ப்பார்!

நமது தேசிய இயக்கத்தின் மூத்த தலைவர்கள் இந்த உண்மையை அறிந்தவர்கள். கோகலே பூனாவில் கணிதம் போதித்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்காக அங்ககணிதப் புத்தகம் தொகுத்தவர். 1902-இல் அவர் வைஸ்ராயின் சபையிலே வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசியபோது, சர்க்கார் பெருமையோடு காட்டிய உபரிப் பணம் ஜனங்களின் செழிப்புக்கு அடையாளமன்று, மிதமிஞ்சிய வரிக்கே அடையாளம் என்று, சர்க்காரின் எண்களைக் கொண்டே எடுத்துக்காட்டினார். அவரது வாதத்தின் பலம் கோபத்திலிருந்து வந்ததன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் வழி காட்டியதிலிருந்து வந்தது.

இன்று வரி விதிப்பவர் அந்நியரல்லர், நாம் தேர்ந்தெடுத்தவரே. அதனால் நம் பொறுப்புக் குறையவில்லை, கூடியிருக்கிறது. மேடையிலே புள்ளிவிவரம் முழங்கும் தொண்டர் பலர், வீட்டில் தம் குழந்தையின் கணக்குக்கு அஞ்சி ஒளிகிறார்கள். அவர்களுக்கு நாம் கூறுவது இது: குழந்தையின் அருகில் உட்காருங்கள். தெரியாதது எது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேளுங்கள். கிடைத்த விடையைக் கணக்கிலே திரும்ப வைத்துச் சரிபார்க்கச் செய்யுங்கள். உங்களுக்கே மறந்துபோயிருந்தால், "எனக்கும் மறந்துவிட்டது, இருவருமாகப் பார்ப்போம்" என்று சொல்வதில் இழிவொன்றுமில்லை. இன்று தகப்பனிடம் "ஏன்?" என்று கேட்டுப் பழகிய பிள்ளைதான், நாளை மந்திரியிடமும் அதைக் கேட்பான்.