சித்திரம் எழுதியவர் பெயர்

மன்னார்க் குடாவில் முத்துச் சலாபம் நடந்த காலமெல்லாம் ஒரு வழக்கம் மாறாதிருந்தது. சிப்பியை ஏலங் கூறியவரும், ஏலத்தில் எடுத்த வியாபாரியும், முத்தை அணிந்த செல்வரும் ஊரறிந்த பெயருடையோர். மூச்சையடக்கிக் கடலடியில் இறங்கி அதனைக் கொணர்ந்தவனின் பெயரை மாத்திரம் கேட்பாரில்லை. 1961-ஆம் ஆண்டுடன் தூத்துக்குடிக் கரையில் சலாபம் நின்றுபோயிற்று. அவ்வழக்கமோ நிற்கவில்லை. சித்திரத் துறையில் அது இன்றும் உயிரோடிருப்பதைக் காண்கிறோம்.

இதே ஜில்லாவைச் சேர்ந்த கோவில்பட்டியை எடுத்துக் கொள்வோம். சென்னைச் சித்திரக் கலாசாலையில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்த சி. கொண்டையராஜு (1898–1976), அக்கம்பெனி கலைந்தபின் 1940-களில் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அவர் எழுதிய முருகனையும் இலக்குமியையும் சிவகாசி அச்சுக்கூடங்கள் நாட்காட்டிகளாகவும் பூஜைப் படங்களாகவும் அச்சிட்டுத் தமிழகமெங்கும் பரப்பின. குடிசையும் மாளிகையும் ஒரே படத்தின்முன் விளக்கேற்றின. எனினும், அப்படத்தை வணங்கியவர்களில் அதை எழுதியவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? நாட்காட்டி வழங்கிய கடைக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் விளங்கிற்று. எழுதியவரின் கையொப்பம் ஒரு மூலையில் எறும்பு ஊர்ந்தாற்போல் கிடந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டவர் விளிம்பை நறுக்கியபோது அதுவும் போயிற்று. கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1995-ல் அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நம் வீட்டுச் சுவரில் இருந்தவரை அந்நியர் வந்து நமக்கு அறிமுகம் செய்ய நேர்ந்தது நமக்குப் பெருமையாகுமா?

கொண்டையராஜுவோ பெயரின் அருமையை நன்கறிந்தவர். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய தம் சீடர்கள் சேர்ந்து எழுதிய படங்களில், தம் பெயருடன் அவர்கள் பெயரும் விளங்கச் செய்தார். குரு செய்த இந்த மரியாதையை நாடு செய்யலாகாதா?

ஒருவர் சித்திரத்தைக் கண்டு மற்றொருவர் எழுதுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவியபின் அரண்மனைச் சித்திரங்கள் கடைத்தெருவுக்கு வந்தன. அவர் தேவியருக்கு உடுத்திய சேலையையும், பூட்டிய நகைகளையும் பின்வந்த ஓவியர் பலர் கையாண்டனர். கண்டு மகிழ்வதும், மகிழ்ந்ததை எழுதிப் பழகுவதும், பழகியதை நண்பருக்குக் காட்டுவதுமே கலை வளரும் வழி. வழிகாட்டியவரின் பெயரை மறைப்பது மாத்திரமே களவாகும்.

இன்று நிலைமை என்ன? ஒரு பெண் நாயகர் ஒருவரின் உருவத்தையோ, புதுமாதிரிச் சேலைக் கோலத்தையோ எழுதி இணையத்தில் இடுகிறாள். மாலைக்குள் ஆயிரம் கைப்பேசிகளில் அது உலாவுகிறது. கையொப்பம் மாத்திரம் வெட்டப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு வியாபாரி அதைத் துணியில் அச்சிட்டு விற்கிறார். எழுதியவளுக்குக் காசுமில்லை, பெயருமில்லை. "படம் பரவுவதே புகழன்றோ? பெயர் எதற்கு?" என்பார் சிலர். பெயரில்லாப் புகழ் யாரைச் சேரும்? சித்திரக்காரருக்குப் பெயரே முதல்; அதைக் கொண்டே அடுத்த வேலை வரும், அடுப்பெரியும்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும், "இது என் கிருதி" என்று சொல்லும் உரிமை ஆக்கியோனுக்கு உண்டென விதிக்கிறது. ஆயினும் கோர்ட்டுப் படியேற ஏழைக் கலைஞனால் ஆகுமா? ஆதலின், ஜனங்களின் நடத்தையே அவனுக்குக் காவல்.

பெயரை மீட்பது வீண் வேலையென்று எண்ணுவோர் தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்குக. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறையில் இருக்கும்போதே அக்கம்பெனி குலைந்தது. 2011 முதல் அத்துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கு வரும் ஒவ்வொரு கப்பலும் அவர் பெயர் கொண்ட துறையிலேயே நங்கூரம் இடுகிறது. ஒரு நூற்றாண்டு சென்றாயினும் கடன் தீர்க்கப்பட்டது.

சித்திரக்காரர்க்குப் பட்ட கடனைத் தீர்க்க நூற்றாண்டு வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் போதும். படத்தைப் பிறருக்கு அனுப்புமுன் எழுதியவர் யாரென்று விசாரியுங்கள், தெரிந்தால் பெயரோடு அனுப்புங்கள், கையொப்பத்தை வெட்டாதீர்கள். விற்க விரும்பினால் அவரது சம்மதம் பெற்றுக் கூலி கொடுங்கள். இன்று மாலை வீட்டுச் சுவரிலுள்ள பழைய படத்தின் மூலையையும் சற்றே உற்று நோக்குங்கள். அங்கே ஒரு பெயர் நெடுநாளாய்க் காத்துக்கொண்டிருக்கலாம்.