தாத்தாவின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

பஞ்சமி நிலம் என்றதும் செங்கல்பட்டு வட்டாரத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது காரணை கிராமம். அந்த நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

இதன் வேர் இன்னும் நூறாண்டு பின்னால் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையை விவரித்து அறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அப்படி ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம், மீறினால் விற்பனை செல்லாது என்பவை நிபந்தனைகள்.

இன்று மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நில மதிப்பு எங்கோ போய்விட்டது. "எங்க தாத்தாவுக்குக் குடுத்த நிலம்" என்று சொல்லும் குடும்பங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கைவிட்டுப் போன நிலத்தை மீட்கப் போனால் தாலுகா அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு: அந்தத் தாத்தா யார், நீங்கள் அவருக்கு என்ன முறை, இரண்டுக்கும் என்ன ஆதாரம்?

குடும்ப வரலாறு இங்கே பொழுதுபோக்கு இல்லை, வழக்கின் முதுகெலும்பு. ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, பெயர், தகப்பன் பெயர், ஊர், புல எண், இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தக் காகிதம் அதைச் சொல்கிறது, அது எங்கே கிடைத்தது என்ற குறிப்பும் வேண்டும். பாட்டி சொன்னது என்றால் "பாட்டி சொன்னது" என்றே எழுதலாம். வாய்மொழியும் துப்புதான், ஆனால் அதைப் பத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது. ஒரே ஊரில் இரண்டு முனுசாமி இருப்பார்கள். த/பெ கண்ணன் ஒருவர், த/பெ சின்னப்பன் இன்னொருவர். தகப்பன் பெயரையும் புல எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் பெயர் பொருந்துகிறதே என்று பிடித்துக்கொண்டால், பிறகு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம்.

தேடும் இடமும் ஒன்றல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. அதனால் ஓர் அலுவலகத்தில் இல்லை என்றால் எங்கும் இல்லை என்று அர்த்தமில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பார்க்க வேண்டியிருக்கும். கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் நிபந்தனை நிலம் என்ற பதிவு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்களும் புல எண்களும் மாறியதால், பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதையும் கேட்டு வாங்குவது அவசியம்.

ஆபத்து பெரும்பாலும் உதவி செய்கிறேன் என்று வருபவர் வழியாகத்தான் வருகிறது. மூலப் பத்திரத்தை "பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கும் தரகரிடம் நகல் மட்டும் கொடுங்கள். படித்துப் பார்க்காமல் பவர் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். கல்யாணமாகிப் போன அத்தைகளை விட்டுவிட்டு வாரிசுப் பட்டியல் போடுவதும் பழைய வழக்கம்; பிற்பாடு வழக்காக முளைப்பதும் அதுதான்.

தாத்தாவின் இறப்பே பதிவாகவில்லையா? ஓராண்டு கடந்திருந்தால் உரிய நடுவரின் உத்தரவு பெற்று இப்போதும் பதியலாம். வாரிசுச் சான்று தாசில்தாரிடம். நிலப் பதிவேட்டின் நகல் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'பதிவேடு இல்லை' என்ற பதிலைக்கூட எழுத்தில் வாங்கி நோட்டில் சேர்க்க வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.