அண்ணாமலையைச் சுற்றிய சைக்கிள்

"ஏம்ப்பா, மலையை நடந்து சுற்றினால் புண்ணியம். சைக்கிளில் சுற்றினால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள் என் அத்தை.

"நல்ல பசி கிடைக்கும், அத்தை!" என்றேன்.

திருவண்ணாமலையில் அத்தை வீட்டு நடையில் ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அதன் மேல் பேத்தி ஏறி நான் பார்க்கவில்லை. ஈரத் துண்டுகளும் பாவாடைகளும்தான் ஏறியிருந்தன. பேத்தியை அவள் அப்பா தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். துணிகளைக் கொடிக்கு மாற்றினேன். சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். பெண்கள் சைக்கிளாயிற்றே என்ற கூச்சத்தையும் ஒருவாறு விழுங்கிவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிட்டேன்.

ராணியின் நடை

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். நிறைமாத கர்ப்பிணியான ஒரு ராணி எப்படி நடப்பாளோ, அப்படி மெள்ள மெள்ளச் சுற்றி வரவேண்டும் என்பது சம்பிரதாயம். ரமண மகரிஷியும் அப்படித்தான் சொல்லுவாராம். 1896-ம் ஆண்டு பதினாறு வயதுப் பையனாக இங்கே வந்தவர், 1950-ல் மறையும் வரையில் இந்த மலையை விட்டு அகலவே இல்லை. உலகந்தான் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

ராணியின் வேகத்தில் சைக்கிள் விட்டால் கீழே விழவேண்டியதுதான்! ஆகையால் ராணியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே மிதித்தேன். செங்கம் சாலையில் பஸ்களும் லாரிகளும் என்னை ஓரங்கட்டின. வலது பக்கம் திரும்பிக் கிரிவலப் பாதையில் நுழைந்த பிறகுதான் மூச்சு வந்தது. வருண லிங்கத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் அடி அண்ணாமலை வந்துவிட்டது.

ஊருக்குள்ளிருந்து பார்த்துப் பழகிய மலையின் மறுபக்கம் இங்கே தெரிகிறது. ஆதி அண்ணாமலையார் கோயில் லிங்கம் பிரம்மதேவன் பிரதிஷ்டை செய்தது என்பது ஐதீகம். மாணிக்கவாசகருக்கும் இங்கே ஒரு கோயில் உண்டு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு போகும் திருவெம்பாவையை அவர் பாடியது இந்தத் திருவண்ணாமலையில்தான்.

கோயில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். பள்ளிச் சீருடையில் நான்கு பெண்கள் மணியடித்துக்கொண்டு, சளசளவென்று பேசிக்கொண்டே சைக்கிளில் போனார்கள். என் சைக்கிளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டை செய்த புரட்சி

பெண்கள் சைக்கிள் விடுவது இன்று வேடிக்கையல்ல. ஆனால் வெகுகாலத்துக்கு முன்பு அல்ல, 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் அது பெரிய வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி, எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகிறவர்களும், அங்கன்வாடி ஊழியர்களும் கேலிப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விழுந்து எழுந்து பழகினார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் வந்தார்கள்! அந்த இயக்கத்தில் சைக்கிள் பழகிய பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு.

பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை. பஸ்ஸுக்காகவும் அண்ணன் தம்பிக்காகவும் காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுடைய சொந்த நேரமாகிவிட்டது.

பத்து வயதில் ஒரு சங்கல்பம்

அயர்லாந்து தேசத்தில் லிஸ்மோர் என்று ஓர் ஊர். அங்கே டெர்வ்லா மர்ஃபி என்ற பெண்ணுக்குப் பத்தாவது பிறந்த நாளில் ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் கிடைத்தன. 'சைக்கிளிலேயே இந்தியாவுக்குப் போவேன்' என்று அன்றே நிச்சயித்துக்கொண்டாள். ஆனால் வீட்டில் வாத நோயால் முடங்கிய தாயார். பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு, தாயாருக்குப் பணிவிடை செய்வதிலேயே வாலிபத்தைச் செலவிட்டாள். 1962-ல் தாயார் காலமானார். 1963 ஜனவரியில், ஐரோப்பாவே பனியில் உறைந்து கிடந்த சமயத்தில், தன்னந்தனியாகப் புறப்பட்டு, அந்த ஆண்டிலேயே டில்லி வந்து சேர்ந்தாள்! அதன் பிறகு எத்தனையோ தேசங்களைச் சுற்றியவர், கடைசிவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. 2022-ல், தமது 90-வது வயதில் மறைந்தார்.

"அதெல்லாம் அயர்லாந்துக்காரிக்குச் சரி. நாங்கள் கறிகாய்க் கடைக்குத்தானே போகிறோம்?" என்கிறீர்களா? அந்தக் கறிகாய்க் கடைக் கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம்.

வீட்டுக் கணக்கு

பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஒரு ஸ்கூட்டர் தினமும் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்குச் சுமார் 44 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆக, நூறு கிலோ! ஒரு மூட்டை அரிசி 25 கிலோ என்றால், நாலு மூட்டைக் கரியமில வாயுவை வாசலில் கொட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாததால் பெருக்கித் தள்ளவும் முடிவதில்லை.

சைக்கிளுக்கு வேண்டியது இரண்டு இட்லி. ஒரே தூரத்தை நடந்து கடக்கச் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கே சைக்கிளுக்குப் போதும் என்பது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. நெடுந்தூரம் போக முடியாதவர்களையும், மூட்டு வலிக்காரர்களையும், லாரிகள் சீறும் சாலையில் குழந்தையை அனுப்பப் பயப்படும் தாய்மார்களையும் நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குமா பெட்ரோல்?

மொட்டை மலை துளிர்த்த கதை

அடி அண்ணாமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைச் சரிவில் பசுமை தெரிகிறது. ஒரு காலத்தில் விறகு வெட்டியும், ஆடு மாடு மேய்த்தும், வருஷா வருஷம் காட்டுத்தீ பரவியும் மொட்டையாகிப் போன மலை இது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பலரும் சேர்ந்து மரம் நட்டு வருகிறார்கள். மழைக்காலத்தில் கன்றுகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறுகிறார்கள். கோடை வருமுன் காய்ந்த புல்லை அகலமாக வெட்டித் தீத்தடுப்புப் பாதை அமைக்கிறார்கள். வழிபடும் மலையைக் கவனித்துக்கொள்வதும் வழிபாடுதான் என்று அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை, செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்படி வளர்ந்த மரங்களுக்கு அடியில், புகை விடாமல் ஒருமுறை போனதில் எனக்கு ஒரு திருப்தி.

எட்டு மணிக்கு வீடு திரும்பினேன். அத்தை இட்லித் தட்டை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உங்கப்பா சைக்கிள் பழகினபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினவள் நான். தெரு முழுக்க ஓடியிருக்கேன். ஒரு தடவை ஏறிப் பார்க்கறேன்னு கேட்டேன். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?' என்று தாத்தா சொல்லிவிட்டார்" என்றாள்.

எனக்கு இட்லி தொண்டையில் நின்றது.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அத்தை ஒரு பழந்துணியால் சைக்கிளின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மகன் ஸ்கூட்டர்ச் சாவியுடன் வந்தார்.

"நீ போய் உன் வேலையைப் பாருடா. பள்ளிக்கூடம் இரண்டு மைல்தானே? அவள் போய்க்கொள்ளுவாள்!" என்றாள் அத்தை.