இரு தராசுகள்

சரவணையிலே பனங்கூடலுக்கு மேலே செம்பருந்து வட்டமிடக் காணாத நாள் அரிது. குடமுழுக்கு நாளிலே அதனைக் கருடன் என்று கைகூப்பும் நாம், கோழிக்குஞ்சைத் தூக்கிய நாளிலே கல்லெடுத்து எறிகின்றோம். அத்தகைய பருந்தின் குஞ்சொன்றை என் மாணாக்கன் ஒருவன் கடகத்தில் இட்டுக் கொண்டுவந்தான். மரத்தினின்று விழுந்து சிறகு நொந்த அதற்கு மூன்று கிழமையாகத் தன் கையாலேயே மீன் ஊட்டியிருந்தான்.

"ஐயா, வளைகுடா நாட்டிலிருந்து மாமா படம் அனுப்பினார். அங்கே வல்லூற்றைக் கையில் இருத்தி வேட்டை பழக்குகிறார்கள். நானும் அக்கலையைப் பயிலப் போகின்றேன்" என்றான்.

அவன் விருப்பம் எள்ளத்தக்கதன்று. வல்லூற்று வேட்டை மிகப் பழைய கலை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டாம் பிரெடெரிக் என்னும் பேரரசர் அதுபற்றி இலத்தீனிலே பெருநூல் ஒன்று இயற்றினார். 2010இல் யுனெசுக்கோ அதனை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. கையிலே தோலுறை, பறவையின் காலிலே தோல்வார், தலையிலே கண்மறைக்கும் குல்லாய் என்பன அக்கலைக்குரிய கருவிகள். அவற்றினும் இன்றியமையாதது தராசு. நாடோறும் பறவையை நிறுத்தல் வேண்டும். மிகுதியாக உண்டது மீளாது. குறைவாக உண்டது மெலியும். அது மீண்டு வருவது அன்பினாலன்று. அந்தக் கையிலே இரை உண்டு என்னும் அறிவினாலேயே. மேலும், மீனும் நண்டும் செத்தனவும் தேடித் தின்னும் நம் செம்பருந்து அவ்வேட்டைக்கு ஏற்ற இனமன்று.

மற்றொரு வழியும் உண்டு. தில்லி நகரிலே நதீம் செசாத், முகமது சவூத் என்னும் உடன்பிறந்தார், பட்டம் விடும் கண்ணாடி பூசிய நூலாற் சிறகறுந்த கரும்பருந்துகளுக்கு மருந்திட்டு மீண்டும் வானில் விடுகின்றனர். 2022இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று அவர்களை உலகறியச் செய்தது. இத்தொண்டிலே புகுவார்க்குக் கிடைப்பன கூடு கழுவுதலும் இறைச்சி நறுக்குதலுமே. பறவையைத் தடவிக் கொஞ்சுதல் ஆகாது. மனித முகத்தையே தாயென்று கொண்ட குஞ்சு தன் இனத்தை நாடாது. வாத்துக் குஞ்சுகளை ஆராய்ந்து இவ்வியல்பை விளக்கியவருள் ஒருவராகிய கொன்றாட் லோரென்சு 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இவ்விரு வழிகளும் பகையல்ல. நம் தமிழரும் குடியேறி வாழும் மொரீசியசுத் தீவிலே, 1974இல் அந்நாட்டுக்கேயுரிய சிறுவல்லூறுகளுள் காட்டிலே அறியப்பட்டவை நான்கே. கார்ல் சோன்சும் அவர்தம் துணைவரும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பித்துக் குஞ்சுகளை வளர்த்தனர். பின்னர், தாமே வேட்டையாடக் கற்கும் வரை திறந்த பெட்டியில் இரை வைத்து, வல்லூற்று வேட்டைக்காரர் கைக்கொண்ட முறையிலேயே சிறிது சிறிதாக விடுவித்தனர். இன்று அவ்வினம் நூற்றுக்கணக்கிற் பெருகியுள்ளது. பிடித்து வைப்பதற்குப் பிறந்த அறிவு விட்டுவிடுவதற்கும் உதவிற்று.

சிபியின் கதையை வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். புறாவின் துயர் தீர்த்தவன் மரபினர் சோழர் என்பதைப் புறநானூறும் கூறும். ஆயினும் புறாவைக் காத்தமையையே போற்றும் நாம், அம்மன்னன் பருந்தின் பசியையும் மறுத்திலன் என்பதை மறந்துவிடுகின்றோம். வேட்டைக்காரன் தராசிலே பறவை ஏறுகின்றது. சிபியின் தராசிலோ தன் தசையை அரிந்து வைத்தவன் அவனே. நம் உள்ளம் நாடுவது எத்தராசினை என்பதே வினா.

நம் நாட்டிலே காட்டுப் பறவைகளுட் பெரும்பாலானவற்றை அனுமதியின்றிப் பிடித்தலும் வைத்திருத்தலும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமாம். இதனை அவனுக்கு எடுத்துரைத்து, குஞ்சை வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் ஒப்படைக்கச் செய்தேன்.

செல்லுமுன் அவன் கடகத்தைத் திறந்தான். பனைகளுக்கு மேலே பருந்தொன்று குரல் கொடுத்தது. குஞ்சு நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கத்திற்று.

"ஐயா, இதைக் கெடுத்தவன் நான்தானோ?" என்றான்.

இல்லை என்று சொல்ல நாவெழவில்லை. "தம்பி, அடுத்த குஞ்சைக் கண்டால் என்ன செய்வாய்?" என்றேன்.

"கையுறை தேடமாட்டேன் ஐயா. கடகத்தை மூடிக்கொண்டு அன்றைக்கே ஓடுவேன்" என்றான்.