வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? – ஒரு வாடகைக்காரன் போட்ட கணக்கு

நம்மில் பாதிப் பேர் வாடகை வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிறவர்கள். வாடகை கொடுப்பதைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவன்தான்.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். ஊரில் தாத்தா நிலத்தை விற்றதில் அவர் பங்குக்கு 14 லட்சம் வந்தது. "வாடகை வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டரலாம். நீ சிவில் படிக்கறயே, கணக்குப் போட்டுச் சொல்லு சாமி" என்றார். எங்கள் வீட்டில் பத்திரத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வயிற்றைக் கலக்கியது.

புரோக்கர் இரண்டு காட்டினார். இரண்டும் 22 லட்சம். ஒன்று, கம்பெனிகளுக்குப் பக்கத்தில் மூன்று குடித்தனம் உள்ள பழைய லைன் வீடு. மற்றது ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில் தனி வீடு. "இது அஞ்சு வருசத்துல டபுள் ஆயிருமுங்க" என்றார் புது வீட்டைக் காட்டி. அப்பா முகத்தில் வெளிச்சம்.

டபுள் ஆகுமா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. 72ஐ வருடத்தால் வகுக்க வேண்டும். ஐந்து வருடம் என்றால் 14.4. அதாவது வருடம் தவறாமல் 14 சதவீதத்துக்கு மேல் விலை ஏறியாக வேண்டும். ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதிலும் ஏறுவது மனைதான். கட்டடத்துக்குத் தேய்மானம்தான் (எஸ்டிமேட்டிங் பாடத்தில் தூங்காதவர்களுக்குத் தெரியும்). ஏறிய விலையும் விற்றால்தான் கைக்கு வரும். வங்கித் தவணையோ மாதாமாதம் வந்து நிற்கும்.

பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், கிட்டத்தட்ட 2 லட்சம். ஆக 10 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்குத் தவணை மாதம் சுமார் 10,140 ரூபாய். வருடத்துக்கு 1,21,700.

லைன் வீட்டில் குடித்தனத்துக்கு 4,000 வீதம் வருடம் 1,44,000 வரும். அப்படியே கைக்கு வந்துவிடாது. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று 12,000, வீட்டு வரி, மோட்டார், செப்டிக் டேங்க், வெள்ளையடிப்பு என்று 20,000 போனால் மிச்சம் 1,12,000. கைக்காசு மாதம் 800 ரூபாய் போட்டால் தவணை கட்டலாம். தனி வீட்டுக்கு வாடகை 7,000. காலி மாதமும் 12,000 செலவும் போக 65,000தான் நிற்கும். மாதம் 4,700 கையை விட்டுப் போடணும். சீசன் இல்லாத மாதத்தில் அப்பாவின் வாரச் சம்பளத்தில் அது நடக்காது.

சரி, அந்த 4,000 தொடர்ந்து வருமா? அதைச் சொல்வது ஏரியாதான். புரோக்கர் ரோட்டு அகலத்தைக் காட்டினார். நாங்கள் வாடகைக்காரர்கள், எங்களுக்குத் தண்ணீர்தான் முதல் கேள்வி. லேஅவுட்டில் குழாய் வரவில்லை, போர் தண்ணீர்தான். ஒரு பாட்டிலில் பிடித்து வந்து லேபில் பார்த்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியது. ஐ.எஸ். 10500 தரப்படி 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை விடலாம். அதற்கு மேல் என்றால் யார் நிலைத்துக் குடியிருப்பார்கள்?

லைன் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கும், மழை விட்ட மறுநாளும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். சாக்கடை நிரம்பவில்லை. ஒரே ஒரு பயம். 2020 ஊரடங்கில் வெளியூர்த் தொழிலாளர்கள் கிளம்பிப் போனபோது திருப்பூரில் லைன் லைனாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதனால் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று மூன்று வீட்டிலும் கேட்டேன். ஒருவர் பதினொரு வருடம், பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில். இன்னொருவர் ஐந்து. மூன்றாவது வீட்டுக்காரர் வந்து ஆறே மாதம்.

லைன் வீடே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அந்த 'டபுள்' போனதில் வருத்தம்தான். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம் பார்த்ததில் பழைய வங்கி அடமானம் ஒன்று தீர்க்கப்படாமல் நிற்கிறது. கடன் அடைத்த ரசீதைப் பதிவு செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அதுவரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கிடையாது.