பால் வெட்டும் கத்தி

தெரணியகலைப் பக்கத்து லயங்களில் விறகுக்கு மன்னாக் கத்தி இருக்கும். தேயிலை மலையில் ஆண்கள் கவ்வாத்துக் கத்தி பிடிப்பார்கள். இறப்பர் மலைக்குப் போகும் எமது சகோதரிகளிடம் இருப்பது வேறொன்று: மரப்பிடியும், நுனி வளைந்த சிறு அலகும் கொண்ட, கைக்கு அடக்கமான பால் வெட்டும் கத்தி.

இந்த வேலையைச் சாதாரணத் தோட்ட வேலை என்று சொல்பவர்கள் ஒருநாள் மலையில் வந்து நின்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில், ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவலாம். பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில்தான் அதிகம் என்பதால் மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனாலோ பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளரும் படையில் காயம் பட்டுவிடும். அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. வெயில் ஏறினால் பால் குறையும். அதற்கு முன்பே மரம் மரமாக ஓடி, இருநூறு முந்நூறு தடவை இதே கணக்கைக் கை செய்ய வேண்டும்.

1876இல் ஹெனரத்கொட தோட்டத்துக்கு இறப்பர் கன்றுகள் வந்தன. ஒரே வெட்டையே மெல்லியதாகச் சீவிச் சீவி மரம் சாகாமல் பால் எடுக்கலாம் என்று 1890களில் சிங்கப்பூரில் காட்டியவர் ஹென்றி ரிட்லி. அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அதைத் தினமும் செய்து காட்டும் பெண்ணுக்கு, ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984இல்தான்.

நான் போகும் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கத்தி பெண்ணுடையது, தீட்டுவது கணவனோ தம்பியோ. அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் கத்தி மழுங்கிக் கிடக்கும். "மொட்டைக் கத்திய அமத்தித்தானே வெட்டணும் மிஸ், அப்பதான் வழுக்குது" என்றார் ஓர் அக்கா, இடது பெருவிரல் தழும்பைக் காட்டி. அடுத்த லயத்தில் ஒரு மூத்த அம்மா தன் கத்தியைத் தானே தீட்டுகிறார். முதலில் சொரசொரப்பான கல், பிறகு வழவழப்பான கல். அலகின் பழைய சரிவு மாறாமல். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. அந்த நாட்களில் அவரிடம் போய் உட்கார்ந்து பழகுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். தீட்டிய நுனிக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டொன்றைப் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

வெட்டுப்பட்டால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, மருந்தகத்துக்குப் போய் ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள். காயத்தை அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி, தோட்டக் கந்தோரில் எழுத வையுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பின்னால் விரல் மடங்காமல் போனால், முதலில் கேட்கப்படுவது எந்தத் திகதியில், எந்த மலையில் பட்டது என்பதுதான்.