கார் 'வழிகாட்டி'யை மாற்றப் போறீங்களா? வயரை வெட்டினால் வம்பு!

காரைக்குடி, –
காரோடு கம்பெனியில் பொருத்தி வந்த 'நேவிகேஷன்' பெட்டியைக் கழற்றி எறிந்து விட்டு, கடையில் விற்கும் ஸ்டீரியோ செட்டை மாட்டுகிறார்கள் பலர்.

ஏன்?

பெட்டிக்குள் இருப்பது பழைய வரைபடம். புதுசாப் போட்ட பைபாஸ் ரோடு அதுக்குத் தெரியாது!

ஜப்பான் கார் கூத்து

கடல் தாண்டி இலங்கையில் இன்னும் வேடிக்கை. அங்கே ஓடும் ஜப்பான் பழைய கார்கள் ஏராளம். திரையில் ஜப்பான் எழுத்து, வரைபடமும் ஜப்பானுடையதே. யாழ்ப்பாணத்துக்கு வழி கேட்டால் முழிக்கும்!

ரேடியோவும் சரியாகப் பாடாது. ஜப்பானில் எப்.எம். 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இலங்கையிலும் நம்மூரிலும் 108 வரை போகிறது. செட்டை மாற்றாமல் என்ன செய்வது?

மூணு வயர்

மாற்றுவது தப்பில்லை. மாற்றுகிற விதத்தில்தான் ஆபத்து.

புது செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரி கரண்டு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். கறுப்பு, எர்த்து. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்தால் செட்டு தூங்காது. நாலு நாள் நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது!

கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றினால் 'ஷார்ட்' ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். வாரண்டிக்கும் வில்லங்கம். அந்தக் காருக்கென்றே விற்கும் சாக்கெட்டைக் கேளுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங் பட்டன் வேலை செய்யுமா என்று முன்னாலேயே விசாரியுங்கள். கழற்றிய செட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"அண்ணே, பாத்து மாட்டி விடுங்க" என்று சாவியைக் கொடுத்து விட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்!